பவர் ஸ்டியரிங் ஆயிலும் பாஸ்கல் விதியும்



ஒன்பதாம் வகுப்பில் பாஸ்கல் விதி படித்திருக்கிறோம். மூடிய இடத்தில் இருக்கும் திரவத்தை அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். பரீட்சையில் ஹைட்ராலிக் லிஃப்ட் படம் வரைந்து மார்க் வாங்கிவிடுவோம். அதே விதி பழைய காரின் ஸ்டியரிங்கிலும் இருக்கிறது. காரைக்குடியில் என் மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் காலாண்டு லீவில் பார்த்ததை எழுதுகிறேன்.

பவர் இல்லாத பழைய அம்பாசிடரை நின்ற இடத்திலேயே ஒடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும். அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் 1926-இல் ஆயில் அழுத்தத்தால் ஒடியும் ஸ்டியரிங்கை ஓட்டிக் காட்டினார். 1951-இல் கிரைஸ்லர் கம்பெனி அதைக் காரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இப்போது வரும் சின்னக் கார்களில் பெரும்பாலும் மின்மோட்டார்தான், ஆயிலே கிடையாது.

மாமாவிடம் வந்தது 20 வருஷம் தாண்டிய கார். ஒடிக்கும்போது "ஙொய்ய்" என்று சத்தம், கீழே ஆயில் சொட்டு. "அண்ணே, ஓஸை வெட்டி நடுவுல கிளிப் போட்டு இறுக்கிருங்க, போதும்" என்றார் வந்தவர். மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

ஏன் தெரியுமா? இதில் இரண்டு ஓஸ். பம்பிலிருந்து ஸ்டியரிங் பெட்டிக்குப் போவது பிரஷர் ஓஸ். அங்கிருந்து டப்பாவுக்குத் திரும்புவது ரிட்டர்ன் ஓஸ். ரிட்டர்னில் அழுத்தம் கொஞ்சம்தான், கிளிப் தாங்கும். கார் டயரில் சுமார் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம் அல்லவா? முழுசாக ஒடிக்கும்போது பிரஷர் ஓஸில் 1000 பவுண்டுக்கு மேலேயே போகும்! கிளிப் பிடுங்கிக்கொண்டு ஆயில் சூடான சைலன்சர் பைப்பில் பீய்ச்சினால் தீப்பிடிக்கும். அதனால் ஜேசிபிக்கு ஹைட்ராலிக் ஓஸ் அழுத்திக் கொடுக்கும் கடையில் அதே அளவில் புதுசு செய்து வந்தார். இணைப்பில் செப்பு வாஷரும் புதுசு.

முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுத்தோம். ரிட்டர்ன் ஓஸைக் கழற்றி ஒரு கேனில் விட்டு, டப்பாவின் துளையை அடைத்தோம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமலே நான் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கடைசிவரை சுற்ற, கறுத்த ஆயில் கேனில் இறங்கியது. ஓஸ்களை மாற்றியபின் புது ஆயில் ஊற்றி, சுத்தமாக வரும்வரை அப்படியே சுற்றினேன். பழைய ஆயிலை மண்ணில் கொட்டவில்லை. மழைத்தண்ணீர் போகிற இடம் ஊருணி ஆயிற்றே.

எந்த ஆயில் என்பது காரின் கையேட்டில் இருக்கும். நிறையப் பழைய கார்களுக்குச் சிவப்பு நிற ஏ.டி.எஃப். அவசரத்துக்குப் பிரேக் ஆயில் ஊற்றுகிறவர்களும் உண்டாம். அது உள்ளே இருக்கும் ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

ரிட்டர்ன் ஓஸை மாட்டி, மறுபடி இருபது தடவை சுற்றிய பிறகுதான் ஸ்டார்ட் பண்ணினார். டப்பாவில் நுரை வந்தது. "உள்ள காத்து இருக்குடா மாப்ளே" என்றார் மாமா. காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. காற்று இருந்தால் ஸ்டியரிங் ஒழுங்காக வேலை செய்யாது. மெதுவாகச் சுற்றச் சுற்ற நுரை அடங்கியது. கடைசிவரை ஒடித்துவிட்டு ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்கக்கூடாது, பம்பு சூடாகிவிடும்.

ஓட்டும்போது ஓஸ் வெடித்தால் ஸ்டியரிங் லாக் ஆகிவிடுமா என்று கேட்டேன். ஆகாதாம். பல்சக்கர இணைப்பு அப்படியே இருப்பதால் ஒடியும், ஆனால் ரொம்பக் கனமாக ஒடியும். பயந்து கையை விட்டுவிடாமல், பலமாகப் பிடித்து ஓரம் கட்ட வேண்டும்.