ஊசியைப் பார்த்து வாங்குங்கள்

டெக்சஸ் முறையில் ஒரு முழு பிரிஸ்கெட்டை, அதாவது 5 முதல் 7 கிலோ எடையுள்ள மாட்டு நெஞ்சுக்கறியை, ஓக் விறகுப் புகையில் 107 முதல் 135 டிகிரி செல்சியஸ் சூட்டில் 10 மணி நேரம் வைக்கிறார்கள். 14 மணி நேரம் போவதும் உண்டு. அத்தனை நேரமும் சூட்டுக்கும் நீராவிக்கும் நடுவே கிடக்கப்போவது தெர்மாமீட்டரின் ஊசியும் அதன் கம்பியும். திரை வெளியே சௌகரியமாக நிழலில் இருக்கும். ஆனால் கடையில் விலையை ஏற்றுவதெல்லாம் அந்தத் திரைப் பக்கத்துச் சமாச்சாரங்கள்தான்: வண்ண விளக்கு, போன் செயலி, ஆறு ஊசி செருக இடம், தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓர் எண். இப்படிப் புகையில் கறி வேகவைக்கும் அடுப்பான ஸ்மோக்கருக்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குகிறவர் காசை ஊசியிலும் கம்பியிலும் போட வேண்டும். மற்றதெல்லாம் கையில் மிச்சம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில், எதை அளக்கப் போகிறோம் என்று முடிவுசெய்யுங்கள். கறியின் உள்சூடு ஒன்று, கறி கிடக்கும் கம்பித்தட்டின் மட்டத்தில் உள்ள காற்றின் சூடு மற்றொன்று. புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே நினைக்கிறார்கள். ஸ்மோக்கரின் மூடியிலேயே வட்ட முள் ஒன்று இருக்கிறதே, காற்றுக்கு அது போதாதா என்று கேட்கலாம். அந்த முள்ளைத் திருப்புவது, சூட்டில் வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சுருள். அது மெதுவாகத்தான் நகரும். போகப் போகப் பிசகும். அதைவிடப் பெரிய குறை, அது இருக்கும் இடம். மூடியின் உச்சிக்கும் கறி கிடக்கும் தட்டுக்கும் 20, 30 டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். ஆகவே குறைந்தது இரண்டு ஊசி உள்ள கருவியாக வாங்குங்கள். காற்றுக்கான ஊசியைத் தட்டில் மாட்ட ஒரு கவ்வியும் கூட வர வேண்டும். அதைக் கறியிலிருந்து ஐந்து சென்டிமீட்டராவது தள்ளி மாட்டுங்கள். ஈரக் கறியை ஒட்டியிருக்கும் காற்று எப்போதும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும்.

கறிக்குள் போகும் ஊசியைத் தடித்த பாகத்தின் நடுவில், எலும்பிலும் கொழுப்புப் படலத்திலும் படாமல் குத்த வேண்டும். பிரிஸ்கெட்டின் உள்சூடு 65 முதல் 75 டிகிரிக்குள் எங்கோ வந்து மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். கருவி கெட்டுவிட்டதோ என்று பயப்படத் தேவையில்லை. கறியின் மேற்பரப்பில் ஈரம் ஆவியாகி, நாம் வியர்த்துக் குளிர்வதைப் போலக் கறியும் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. இந்தக் கட்டத்தில் கருவியை நம்பாதவர் நெருப்பைக் கூட்டிக் கறியைக் காயவிடுவார். பிறகு 93 முதல் 96 டிகிரிக்குள், இணைப்புத் திசு போதுமான அளவு கரைந்து கறி மெத்தென்று ஆகும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. பிரிஸ்கெட்டின் தட்டைப் பாகமும் கொழுத்த பாகமும் ஒரே நேரத்தில் ஒரே சூட்டுக்கு வருவதில்லை. அதனால் கடைசியில் நாலைந்து இடத்தில் குத்திப் பார்க்க, இரண்டு மூன்று நொடியில் எண் காட்டும் மெல்லிய முனையுள்ள கைத் தெர்மாமீட்டர் ஒன்றும் தனியாக வேண்டும். ஆறு ஊசிக் கருவி ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பாலும் இந்த இரண்டையும் வாங்கிவிடலாம்.

டெக்சஸில் லாக்ஹார்ட், டெய்லர் போன்ற ஊர்களின் பழைய கடைகளில் தெர்மாமீட்டர் இல்லாத காலத்திலிருந்தே இந்தக் கறி வெந்துகொண்டிருக்கிறது, விரலால் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுவார்களே என்று வாதிடுவோர் உண்டு. உண்மைதான். ஆனால் ஒரே அடுப்பில், ஒரே வகை விறகில், தினமும் பல துண்டுகளைத் தொட்டுப் பழகிய கை அது. மாதம் ஒரு முறை அடுப்பு மூட்டுகிறவருக்கு அந்தப் பழக்கம் வர எத்தனை வருடம் ஆகும்? இன்னொன்று, கோழி. உள்சூடு 74 டிகிரி தொட்டாக வேண்டும் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. அதை விரலால் அழுத்திச் சொல்வது சூதாட்டம்.

இனி துல்லியம். பெட்டியில் 'தெர்மிஸ்டர்', 'தெர்மோகப்புள்' என்று எழுதியிருக்கும். வெப்பம் ஏற ஏற மின்தடை குறைவது தெர்மிஸ்டர்; இரண்டு உலோகக் கம்பிகளின் சந்திப்பில் எழும் சிறு மின்னழுத்தத்தை அளப்பது தெர்மோகப்புள். பின்னது வேகமானது, அதிகச் சூடு தாங்கும். கைத் தெர்மாமீட்டருக்கு அது நல்லது. கறியிலேயே விட்டுவைக்கும் ஊசிக்கு நல்ல தெர்மிஸ்டரே போதும். பிரிஸ்கெட்டில் ஒரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. அரை டிகிரித் துல்லியத்துக்காக இரட்டிப்பு விலை கொடுப்பது வீண். பெட்டியில் அச்சிட்டதை நம்புவதைவிட வீட்டிலேயே சோதிப்பது மேல். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடுக்கு நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, கலக்கி, சுவரில் படாமல் நடுவில் ஊசியை வையுங்கள். 0 டிகிரி காட்ட வேண்டும். ஒரு டிகிரி விலகினால் பரவாயில்லை, மூன்று விலகினால் திருப்பிக் கொடுங்கள். கொதிநீரில் சோதிப்பவர்கள் ஊரின் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்: 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வரில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இந்தச் சோதனையில் தேறிய ஊசியும் ஐந்தாறு சமையலுக்குப் பிறகு பொய் சொல்ல ஆரம்பிக்கலாம். காரணம் பெரும்பாலும் எஃகுத் தண்டும் கம்பியும் சேரும் கழுத்து. அதன் வழியே நீராவியோ, கழுவும் தண்ணீரோ உள்ளே இறங்குகிறது. ஈரம் மின்சாரத்துக்கு ஒரு குறுக்குவழி போட்டுத் தருவதால் மின்தடை குறைகிறது. தெர்மிஸ்டர் கருவி அதைக் கூடுதல் சூடு என்று படித்துக்கொள்கிறது. கறி 80 டிகிரியில் இருக்க, திரை 95 என்கிறது. அதை நம்பி எடுத்தால் வெட்டும்போது ரப்பர். ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: கழுத்து நீர் புகாதபடி அடைக்கப்பட்டதா, கம்பி எஃகுப் பின்னல் போர்த்தியதா, ஊசிக்குச் சொன்ன வெப்ப வரம்பு கம்பிக்கும் பொருந்துமா, ஊசி மட்டும் தனியாகக் கிடைக்குமா. கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் அந்தக் கருவியை வைத்துவிட்டு நகருங்கள். ஐபி67 என்ற நீர்காப்புக் குறியும் பலரை ஏமாற்றுகிறது: பெரும்பாலும் அது திரைப் பெட்டிக்குத்தான், ஊசிக் கழுத்துக்கு அல்ல.

கம்பிதான் இவ்வளவு தொல்லை என்றால் கம்பியில்லா ஊசியே வாங்கிவிடலாமே? சுழலும் கம்பியில் கோழி சுடுபவருக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. நீண்ட புகையலில் கதை வேறு. ஊசிக்குள்ளேயே பேட்டரி இருப்பதால் கறிக்குள் போகும் பாகத்துக்குப் பொதுவாக 100 டிகிரி அளவிலேயே வரம்பு வைத்திருப்பார்கள். குறியிட்ட கோடு வரை ஆழமாகக் குத்தாவிட்டால் கெட்டுப்போகும். காற்றை அளக்கும் உணரி ஊசியின் வால்முனையில், கறிக்கு வெகு அருகில் இருப்பதால் தட்டின் உண்மையான சூட்டைக் குறைத்தே காட்டும். தடித்த எஃகுப் பெட்டி ப்ளூடூத் அலையை விழுங்கிவிடும். பேட்டரி தளர்ந்தால் பெரும்பாலானவற்றில் மாற்ற முடியாது.

செயலி இல்லாவிட்டால் போகட்டும், அலாரம் கட்டாயம் வேண்டும். காற்று ஊசிக்கு மேல் வரம்பு, கீழ் வரம்பு இரண்டும் வைக்க முடிய வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு நெருப்பு அணைந்தால் எழுப்புவது அந்தக் கீழ் வரம்புதான். அமெரிக்கச் செய்முறைகள் ஃபாரன்ஹீட்டில் இருப்பதால் இரண்டு அளவுக்கும் மாறும் பொத்தானும் இருக்கட்டும். வாங்கும்போதே உபரி ஊசி ஒன்றையும் சேர்த்து வாங்கி, ஐஸில் வைத்துப் பார்த்து, எத்தனை டிகிரி விலகுகிறது என்று கம்பியின் திரைப் பக்க முனையில் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். சமையல் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தால் போதும், தொட்டித் தண்ணீரில் போட வேண்டாம்; கம்பியை மடிக்காமல் அகலமாகச் சுற்றி மாட்டுங்கள்.