மல்லாட்டைக் கொல்லை முயல்: நம்பிக்கையும் உண்மையும்

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து முந்திரித் தோப்பிலும் மல்லாட்டைக் கொல்லையிலும் இருட்டிய பிறகு மேய வருவது கறுப்புப் பிடரிக் காட்டு முயல். பிடரியில் கறுப்புத் திட்டு, மேலே கறுப்பும் அடியில் வெள்ளையுமான வால், பழுப்பும் கறுப்பும் கலந்த முடி ஆகியவை இதன் அடையாளங்கள். கூண்டில் வளரும் வெள்ளை முயலை வைத்து இதை எடைபோடுவதால்தான் பல தவறான எண்ணங்கள் வருகின்றன.

நம்பிக்கை: முயல் வளை தோண்டிக் குடியிருக்கும்.
வளை தோண்டுவது வீட்டு முயலின் மூதாதையான ஐரோப்பிய முயல். நம் காட்டு முயல் புல்லுக்கிடையே உடம்பு அடங்கும் அளவுக்கு ஒரு பள்ளம் செய்து, பகல் முழுக்க அதில் பதுங்கிக் கிடக்கும். ஆள் மிக அருகில் வந்த பிறகே எழுந்து பாயும். துரத்தினால் எப்போதாவது நரி வளைக்குள் புகுவதுண்டு.

நம்பிக்கை: வீட்டு முயலோடு சேர்த்தால் குட்டி போடும்.
போடாது. காட்டு முயலுக்கு 48 குரோமோசோம்கள், வீட்டு முயலுக்கு 44. இரண்டும் வெவ்வேறு பேரினங்கள்.

நம்பிக்கை: முயலும் எலி வகைதான்.
எலிக்கு மேல்தாடையில் முன்பற்கள் ஒரு ஜோடி. முயலுக்கு அவற்றின் பின்னால் இன்னொரு சிறிய ஜோடி உண்டு. 1912-இலேயே முயல்களைத் தனி வரிசையாகப் பிரித்துவிட்டார்கள்.

நம்பிக்கை: முயல் ரத்த எண்ணெய் தேய்த்தால் முடி வளரும்.
அதற்கு அறிவியல் சான்று எதுவும் இல்லை. காட்டு முயலைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நம்பிக்கை: தனியாகக் கிடக்கும் குட்டியைத் தாய் கைவிட்டுவிட்டது.
அதிகக் கேடு செய்வது, இப்படி நினைத்துக் குட்டியைத் தூக்கிப் போகும் இரக்கம்தான். வீட்டு முயலின் சினைக்காலம் சுமார் 31 நாள். குட்டி முடியில்லாமல், கண் மூடிப் பிறக்கும். காட்டு முயல் 41 முதல் 47 நாள் வரை சுமக்கிறது. ஒளிய வளை இல்லாததால், முடியும் திறந்த கண்ணுமாகவே குட்டி பிறந்தாக வேண்டும். தாய் எந்நேரமும் பக்கத்தில் இருந்தால் நரிக்கும் நாய்க்கும் இடம் தெரிந்துவிடும். அதனால் விலகியே இருக்கிறது. நம் காட்டு முயலைப் போலவே வளை தோண்டாத ஐரோப்பியக் காட்டு முயல்கள் அந்திக்குப் பிறகு ஒரே தடவை, சில நிமிடம் மட்டும் வந்து பாலூட்டிப் போவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கரும்பு வெட்டும்போது குட்டி கண்ணில் பட்டால் வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டாம். அங்கேயே பக்கத்துப் புதர் மறைவில் விட்டு, நாயைக் கட்டிப் போட்டால் போதும்.