அம்புக்குறி காட்டுவது இடத்தை மட்டும்

மரைன் ஹில்,
போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்).

அன்புள்ள தம்பிக்கு,

அமீரகத்து அல் ஐனில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, அடுத்த விடுமுறை நாளில் ஜெபல் ஹஃபீத் மலையில் ஏறி ஒரு ஜியோகேஷ் பெட்டியை, அதாவது யாரோ ஒளித்துவைத்து ஆயத்தொலைவை மட்டும் வெளியிட்ட பெட்டியை, தேடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். என்னென்ன எடுத்துக்கொள்வது, தனியாகப் போகலாமா என்றும் கேட்டிருந்தாய். அதே ஊரில் பதினெட்டு ஆண்டுகள் நில அளவை வேலை பார்த்தவன் நான். அந்த மலையின் வெயிலும் தெரியும், அதன் பள்ளங்களும் தெரியும். உனக்கு மட்டும் பதில் எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் இப்போது கையில் ஒரு போனை வைத்துக்கொண்டு மலை ஏறுகிறார்கள். அவர்களுக்கும் இது போய்ச் சேரட்டும்.

தனியாகப் போகாதே. இதற்கு விளக்கம் எழுதத் தேவையில்லை. துணை கிடைக்கவில்லை என்றால் அந்த வாரம் போக வேண்டாம்.

மற்றதைச் சொல்ல உன்னை நம் வீட்டுத் திண்ணைக்கே அழைத்து வருகிறேன். மரைன் ஹில்லில் நின்று வடக்கே பார்த்தால் துறைமுகத் தண்ணீருக்கு அப்பால் பச்சையாக நிற்பது மவுண்ட் ஹாரியட். 2021 முதல் அதற்குப் பெயர் மவுண்ட் மணிப்பூர். 1891 போருக்குப் பிறகு மணிப்பூரிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்களை அங்கே வைத்திருந்தார்கள். அந்த உச்சியின் ஆயத்தொலைவை உன் போனில் போட்டுப் பார்த்தால் நேர்க்கோட்டில் ஐந்து கிலோமீட்டர் அளவே காட்டும். அம்புக்குறி கடலுக்குக் குறுக்கே நீட்டி நிற்கும். அங்கே போக நாம் என்ன செய்வோம்? சாத்தம் படகுத்துறைக்குப் போய், பாம்பூ ஃபிளாட்டுக்கு ஃபெர்ரி ஏறி, அங்கிருந்து மலைச்சாலையைப் பிடிப்போம். மொத்தம் பதினைந்து கிலோமீட்டர் ஆகும். ஃபெர்ரி வேண்டாம், முழுக்கச் சாலையிலேயே போகிறேன் என்றால் ஐம்பத்தைந்து. ஐந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவில் இருப்பதுதான் வழி. அதைப் பற்றிக் கருவிக்கு எதுவும் தெரியாது. கடலை நாம் கண்ணால் பார்ப்பதால் இங்கே யாரும் அம்புக்குறியை நம்பித் தண்ணீரில் இறங்குவதில்லை. பாலை மலையில் அந்தக் கடல் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு முகடுகளுக்கு இடையே கிடக்கும் பள்ளமாகவும், ஏறிவிடலாம் போலத் தோன்றி நடுவழியில் முடிந்துபோகும் பாறைச் சுவராகவும் அது இருக்கும்.

நான் அந்தத் தவற்றைச் செய்தவன். ஒரு ஜனவரி மாதம், அதே ஹஃபீத்தின் கிழக்குச் சரிவில், நான் தேடிய பெட்டிக்கு 240 மீட்டர் என்று கருவி காட்டியது. சுற்றிவரும் தடத்தில் போனால் இன்னும் ஒரு மணி நேரம். குறுக்கே ஒரு ஓடைப்பள்ளம் இறங்கியது, அதில் இறங்கினேன். சுண்ணாம்புப் பாறை வெயிலிலும் காற்றிலும் உளுத்துப் போயிருக்கும். பிடித்த கல் பிடித்த கையோடு பெயர்ந்து வரும். பாதி தூரம் இறங்கியபின் கீழே செங்குத்து, மேலே நான் சறுக்கி வந்த சரளை. ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் தீர்ந்துவிட்டது. துணைக்கு வந்தவர் தடத்திலேயே நின்றிருந்ததால்தான் அவர் மேலிருந்து கயிறு போட, நான் ஏறி வந்தேன். அப்போதும் கருவியில் 110 மீட்டர் என்றே இருந்தது.

ஆகவே பெட்டியின் புள்ளியை மட்டும் பதிந்துகொண்டு கிளம்பாதே. முந்தின இரவு செயற்கைக்கோள் படத்தில் அந்த மலையைப் பார். எந்த முகட்டு வழியாகப் போவது, எங்கே திரும்புவது என்று நான்கைந்து இடைப் புள்ளிகளை நீயே குறித்துக்கொள். ஏறும்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி நின்று பின்னால் பார். திரும்பி வரும்போது மலை உனக்குக் காட்டப்போவது அந்த முகத்தைத்தான். காலையில் பார்த்து வைக்காதவனுக்கு அது வேறு மலையாகவே தெரியும்.

ஆயத்தொலைவை எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். இந்த விளையாட்டில் பாகையும் தசம நிமிடமும் சேர்த்துக் கொடுப்பார்கள். 24 பாகை 03.500 நிமிடம் என்று இருப்பதை அவசரத்தில் 24.03500 பாகை என்று தட்டினால், இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்பாய். அளவை வேலையில் இருபது வயதுப் பையன்கள் இதே பிழையைச் செய்து நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் வாசிக்க, மற்றவர் சரிபாருங்கள்.

பெட்டிக்கு அருகே போனதும் கருவியின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். திறந்த வெளியில் நல்ல போன் சில மீட்டர் பிழையோடு இடம் சொல்லும். செங்குத்துப் பாறையை ஒட்டி நின்றால் செயற்கைக்கோள் அலை பாறையில் பட்டுத் திரும்பி வரும், அம்புக்குறி அங்கும் இங்கும் துள்ளும். நம் காட்டில் குர்ஜன், படாக் மரங்களின் நனைந்த இலைக்கூரைக்குக் கீழே என்ன ஆகுமோ அதுதான் அங்கே பாறையடியில் ஆகிறது. கருவியை ஒரு கல்மேல் இரண்டு நிமிடம் அசையாமல் வை, காட்டும் இடத்தை மனதில் குறித்துக்கொள், பிறகு பைக்குள் போட்டுவிடு. இனி ஒளித்தவரைப் பற்றி யோசி. அவரும் உன்னைப் போல மூச்சு வாங்கி ஏறி வந்தவர்தான். மழை வந்தால் தண்ணீர் பாயும் குழியில் வைத்திருக்க மாட்டார். தோண்டிப் புதைக்கவும் மாட்டார், விளையாட்டின் விதி அதை அனுமதிப்பதில்லை. இயற்கையாக விழாமல் யாரோ அடுக்கியதுபோல இருக்கும் கற்களைப் பார். தனியாக நிற்கும் ஒரு செடியின் அடியைப் பார். இந்தத் தேடலில் எனக்கு மிகப் பிடித்தது அந்தக் கடைசிப் பத்து மீட்டர்தான்.

பொந்தில் கையை விடாதே. இங்கே மரக்கட்டையைப் புரட்டும்போது பூரானுக்குப் பயந்து எப்படிக் குச்சியை எடுப்பாயோ, அங்கேயும் அப்படியே செய். அந்தப் பாறைகளில் தேளும் சுருட்டை விரியனும் உண்டு.

இந்த விளையாட்டு எப்படித் தொடங்கியது என்று நீ படித்திருப்பாய். 2000 மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க அரசு ஜிபிஎஸ் அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. பொதுமக்களுக்கு நூறு மீட்டர் வரை தவறிப் போகும். அதை நிறுத்தியதும் துல்லியம் பத்து மடங்கு கூடியது. மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலக் காட்டில் ஒரு வாளியை வைத்து, அதன் ஆயத்தொலைவை வெளியிட்டார். சில நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஒன்றை எடுத்தால் ஒன்றை வை, நோட்டில் எழுது என்ற வழக்கம் அந்த வாளியோடு வந்தது. அதில் ஒரு டப்பா பீன்ஸும் இருந்தது. இப்போது உணவுப் பொருள் வைப்பதில்லை, வாசனைக்கு விலங்குகள் வந்து பெட்டியை உடைத்துவிடும்.

ஊர் நினைவாக அந்தப் பெட்டியில் ஒரு பவளத் துண்டு வைக்கப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம் தம்பி. நம் பவளமும் சில வகைச் சங்கு சிப்பிகளும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. தீவை விட்டு அதைக் கொண்டுபோனதே பிழை. அதற்குப் பதிலாகப் பழைய சிவப்பு இருபது ரூபாய்த் தாள் ஒன்றை உறையில் போட்டு வை. அதன் பின்பக்கத்தில் இருக்கும் படம் மவுண்ட் ஹாரியட்டிலிருந்து தெரியும் நார்த் பே காட்சி என்று நம் ஊரில் சொல்வார்கள். ஏழாம் வகுப்பு படிக்கும்போது அந்தத் தாளை நீட்டிப் பிடித்துக்கொண்டு மலைமேல் அங்கும் இங்கும் நடந்தாயே, கலங்கரை விளக்கமும் தென்னையும் படத்தில் இருப்பதுபோல ஒன்றுக்கொன்று பொருந்தும் இடம் கிடைக்கும்வரை உன்னைக் கீழே இறக்க முடியவில்லை. அன்றைக்கு உன் கையில் எந்தக் கருவியும் இல்லை. நீ இந்தக் கலைக்கு வந்தது அப்போதுதான் என்று நான் நினைக்கிறேன்.

திரும்பி வந்ததும் நம் ஊரிலும் ஒரு பெட்டி ஒளித்துவைக்க ஆசை என்றாய். அவசரப்படாதே. இது படைத்தளம் உள்ள ஊர். மூடிய பெட்டி ஒன்று புதரில் கிடந்தால் காவல்துறை அதை வெடிகுண்டாகத்தான் எடுத்துக்கொள்ளும், அது நியாயமும்கூட. தேசியப் பூங்காவுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் வைக்கக் கூடாது. ஜாரவா காப்புப் பகுதியின் பக்கமே போகாதே. 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அந்த மக்களைக் காப்பதற்கு இருக்கிறது. அம்புக்குறிக்குக் கடல் தெரியாதது போலவே இந்தக் கோடுகளும் தெரியாது. ஹஃபீத்திலும் அப்படித்தான், அந்த மலையில் ஓமன் எல்லை ஓடுகிறது.

இனி மலைக்கு வருகிறேன். ஏறத்தாழ 1,240 மீட்டர் உயரம். உச்சி வரை தார்ச்சாலை இருக்கிறது, அதைப் பார்த்து எளிது என்று எண்ணிவிடாதே, நீ தேடும் பெட்டி சாலையோரத்தில் இல்லை. நவம்பர் முதல் மார்ச் வரைதான் போகலாம். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உப்பும் பேரீச்சையும், முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடும் காலணி, டார்ச், விசில், பவர் பேங்க். எந்த வழியாகப் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று அறையில் இருப்பவரிடம் எழுதிக் கொடு. அவசர எண் 999. மேகம் கறுத்தால், மழை தொலைவில் பெய்தாலும் ஓடைப்பள்ளத்தை விட்டு மேலே வந்துவிடு. மண் நீரைக் குடிக்காத ஊர் அது, வெள்ளம் சொல்லாமல் வரும். ஆறரைக்கு ஏறத் தொடங்கு. பதினொரு மணிக்கு எங்கே நிற்கிறாயோ அங்கிருந்து திரும்பு, கருவி முப்பது மீட்டர் என்று காட்டினாலும் சரி. டிசம்பரில் ஐந்தரை மணி வாக்கில் அங்கே சூரியன் மறையும், கிழக்குச் சரிவில் அதற்கு வெகு முன்பே நிழல் விழுந்துவிடும். இறங்கும்போதுதான் முழங்கால் தளரும், கல் உருளும்.

நடுவில் உட்காரும்போது பாறையை உற்றுப் பார். காசுபோல வட்டமான சின்னச் சின்னக் கல்லுருக்கள் பதிந்திருக்கும். அவை நம்யூலைட் என்னும் கடல் உயிர்களின் ஓடுகள். அந்த மலை ஒரு காலத்தில் கடலடி. தீவுக்காரனாகிய உனக்கு அங்கே சொந்தம் இருக்கிறது. ஆனால் அவற்றைப் பெயர்த்து எடுக்காதே. மலையடியில் இருக்கும் ஐயாயிரம் ஆண்டு பழைய கல்லறைகளின் கற்களையும் தொடாதே. 2011 முதல் அவை யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. அங்கே கற்களை அடுக்கி யாரும் பெட்டி ஒளித்திருக்க மாட்டார்கள்.

இறங்கிக் காருக்கு வந்ததும் எனக்கு ஒரு செய்தி அனுப்பு. நம் ஊர்க் கணக்கில் சாயங்காலம் ஆகியிருக்கும், காத்திருப்பேன். பெட்டி கிடைத்ததா என்பதை மறுநாள் சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்.