55 வெற்றி, 60 தோல்வி

அன்புள்ள தம்பிக்கு,

‘எங்கள் கோச் மாநில அணிக்குக்கூட ஆடியதில்லை, அவர் எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறார்?’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டாய். படிப்பு முடிந்ததும் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்துக்குப் போய்ப் பயிற்சியாளர் டிப்ளமோ வாங்கி, புனேயிலேயே ஒரு கல்லூரியில் கோச்சாகச் சேர வேண்டும் என்ற ஆசையையும் அதே தாளில் எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒரே தலைக்குள் எப்படிக் குடியிருக்கின்றனவோ!

நெய்ஸ்மித் 1891-ல் பழக்கூடையை மாட்டிக் கூடைப்பந்தைத் தொடங்கிவைத்த கதை உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்று யாரும் கேட்பதில்லை. 1898-ல் மருத்துவப் பட்டத்தோடு கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை வழிபாடு நடத்துவதும் உடற்பயிற்சி சொல்லித்தருவதும். கூடைப்பந்து அணி அந்த வேலையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. 1907 வரை அந்த அணி 55 ஆட்டங்களில் வென்றது, 60-ல் தோற்றது. கன்சாஸின் கோச்சுகளில் வெற்றியைவிடத் தோல்வி கூடுதலாக உள்ளவர் ஒருவர்தான். அவர் இந்த ஆட்டத்தையே உண்டாக்கியவர்!

அதற்காக அவர் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. கோச் என்ற ஆளே இந்த ஆட்டத்துக்குத் தேவையில்லை என்பது அவர் கட்சி. மாணவர் ஃபாக் ஆலன் வந்து, பேக்கர் பல்கலைக்கழகத்தில் கோச்சாகக் கூப்பிடுகிறார்கள் என்றபோது, இதில் சொல்லித்தர என்ன இருக்கிறது என்று சிரித்தாராம். ஆலன் கேட்கவில்லை. பிற்பாடு கன்சாஸிலேயே 39 பருவங்கள் பயிற்சி தந்தார். அவரிடம் ஆடிய அடால்ஃப் ரப் கென்டக்கியின் கோச்சாகி 876 ஆட்டங்களை வென்றார். இன்னொரு மாணவர் டீன் ஸ்மித், நார்த் கரோலினாவில் 879. இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ரப்பும் சரி, ஸ்மித்தும் சரி, கன்சாஸ் அணியில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள். களத்தில் நிற்பவன் தன் ஆளைப் பார்க்கிறான். பெஞ்சில் இருப்பவன் பத்துப் பேரையும் பார்க்கிறான். கோச்சின் படிப்பு அங்கேதான் தொடங்குகிறது என்பது என் பிடிவாதம். யார் மறுத்தாலும் விடுவதாக இல்லை.

நெய்ஸ்மித் கூடையை மாட்டிய அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி க்ரோ பக், 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியா முழுவதும் உடற்கல்வி ஆசிரியர்கள் அங்கிருந்து போனார்கள். உன் கோச்சுக்குச் சொல்லித்தந்தவர் யார், அவருக்குச் சொல்லித்தந்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டே போ. நந்தனத்தில், அந்தக் கல்லூரி வாசலில் வந்து நின்றாலும் நிற்கும்.

மழையைப் பற்றிப் புலம்பியிருந்தாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை சிமென்ட் கோர்ட்டில் தண்ணீரைத் தள்ளிவிட்டே பாதிப் பயிற்சி போய்விடுகிறது, அதே சமயம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியும் நெருங்குகிறது என்கிறாய். பாலேவாடி விளையாட்டு வளாகத்துக் கூரைக்குக் கீழே எல்லாக் கல்லூரியும் போய் ஆட முடியாதுதான். ஆனால் 1936 பெர்லின் ஒலிம்பிக் இறுதி ஆட்டம் திறந்த வெளியில், கொட்டுகிற மழையில், சேற்றில் நடந்தது. பந்து தரையில் பட்டால் எழவே இல்லை. அமெரிக்கா 19, கனடா 8. கிழவர் நெய்ஸ்மித் அந்த ஒலிம்பிக்குக்குப் போயிருந்தார். டிரிபிள் செய்ய முடியாத நாளில் பாஸ் பழகலாம்; உன் கோச் அதைத்தான் செய்யச் சொல்கிறார் என்று நீயே எழுதியிருக்கிறாய், குறையாக!

இந்த இடத்தில் அமெரிக்கக் கோச் ஜான் வுடனைச் சொல்லாமல் விட முடியாது. ஆங்கில ஆசிரியராக இருந்தவர், நானும் வாத்தியார் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம். பருவத்தின் முதல் நாளில் அவர் பந்தில் தொடங்கமாட்டார். சாக்ஸ் போடச் சொல்லித்தருவார். குதிகாலிலும் சுண்டுவிரலிலும் சுருக்கம் நிற்கக்கூடாது, விரலால் நீவிவிட வேண்டும். பிறகு ஷூ நாடாவைக் கீழிருந்து ஒவ்வொரு துளையாக இழுத்து இறுக்க வேண்டும். சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பயிற்சி போச்சு. யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு அவர் வந்தது 1948-ல். முதல் தேசியப் பட்டம் 1964-ல். 1975-க்குள் பத்துப் பட்டங்கள். நம் ஊரில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வைத்திருந்தால் வுடனை எப்போதோ வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

இன்னொரு கோச், பாட் சம்மிட், 22 வயதில், 1974-ல், டென்னஸி பெண்கள் அணியை ஏற்றார். வேன் ஓட்டினார், சீருடை துவைத்தார். முதல் ஆட்டம் மெர்சர் அணியிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. ஓய்வு பெறும்போது கணக்கில் 1,098 வெற்றி. நம் பக்கம் கோச்சுகளை எவ்வளவு நினைக்கிறோம்? பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துச் சத்னம் சிங்கை 2015-ல் அமெரிக்காவின் டல்லாஸ் அணி எடுத்தபோது அவனுடைய ஏழடி உயரத்தைப் பேசி முடிக்கவே நமக்கு நேரம் போதவில்லை. லூதியானா அகாடமியில் அவனை உருவாக்கிய சுப்ரமணியன் எத்தனை பேர் வாயில் வந்தார்?

இனி உன் வேலை விஷயம். புனேயில் கல்லூரி ஜிம்கானாவில் நிரந்தரப் பதவி என்றால் உடற்கல்வி இயக்குநர் பதவிதான். கூடைப்பந்துக்கென்று தனி கோச் வைத்தால் அவர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர். பாட்டியாலா டிப்ளமோ பயிற்சி தரத் தகுதி கொடுக்கும். இயக்குநராக அது மட்டும் போதாது. உடற்கல்வியில் முதுகலை வேண்டும், 55 சதவீதம் வேண்டும், நெட் போன்ற தகுதித் தேர்வு வேண்டும். போதாக்குறைக்கு யு.ஜி.சி. ஓடவும் சொல்கிறது: முப்பது வயதுக்குள் இருக்கும் ஆண் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர். ஆட்டத்தை வாசிக்கத் தெரியுமா என்று சோதிக்க மட்டும் ஒரு வழியும் கண்டுபிடிக்கவில்லை, போகட்டும். வேலை கிடைத்த பிறகும் மண்டலப் போட்டிக்கு வண்டி பேசுவதும், தகுதிப் படிவம் நிரப்புவதும், தேர்வு நாளில் ஆட்டம் வந்துவிட்டால் முதல்வரிடம் போய் நிற்பதும் உன் தலையில்தான்.

கோச்சுகளுக்கான ஆறு வாரச் சான்றிதழ் வகுப்பை முதலில் முடி, டிப்ளமோவை அப்புறம் பார்க்கலாம். லே-அப்பில் நீ தப்பான காலில் எழும்புவதாக உன் கோச் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்றாயே, அதை எந்த இடத்தில் நின்று கண்டுபிடித்தார் என்று அவரிடமே கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய பி.டி. வாத்தியார்