நவோமியும் சவரிமுத்துவும்

கேள்வி: என் மகன் ஒசாகாவில் வேலை பார்க்கிறான். மருமகள் ஜப்பானியப் பெண். அடுத்த மாதம் பிரசவம். பெண்ணாகப் பிறந்தால் 'நவோமி' என்று பெயர் வைக்கப் போகிறார்களாம். எனக்கு ரொம்பச் சந்தோஷம், விவிலியத்தில் ரூத்தின் மாமியார் பெயர் அல்லவா? மருமகளோ, இது தன் பாட்டி காலத்திலிருந்தே ஜப்பானில் வழங்கும் பெயர், விவிலியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறாள். இதைக் கேட்ட என் தம்பி, "உலகத்துப் பெயரெல்லாம் மூலத்தில் ஒன்றுதான். நம் தாத்தா சவரிமுத்து பெயரே சபரியிலிருந்து வந்ததுதான், பெரியப்பா சந்தியாகு பெயர் சந்தியாவிலிருந்து வந்தது" என்று சாதிக்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகி ஒருவர், தூத்துக்குடி

பதில்: உங்கள் மருமகள் சொல்வது சரி அம்மா. நீங்கள் சந்தோஷப்படுவதிலும் தவறு ஒன்றுமில்லை. தம்பி சொல்வதைத்தான் ஏற்க முடியாது. ஆனால் அவர் அப்படி நினைப்பதற்குத் தமிழிலேயே வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நவோமி. எபிரேயத்தில் இந்தப் பெயர் 'இனிமை' என்ற பொருள் தரும் வேரிலிருந்து வருகிறது. ரூத்து நூலில் கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு ஊர் திரும்பும் அந்தத் தாய், இனி என்னை அந்தப் பெயரால் கூப்பிடாதீர்கள், கசப்பு என்று பொருள்படும் 'மாரா' என்றே கூப்பிடுங்கள் என்று சொல்வதை நீங்கள் படித்திருப்பீர்கள். பெயரின் பொருள் தெரியாவிட்டால் அந்த இடத்தின் வேதனையே புரியாது. தமிழ் விவிலியத்தில் அவர் 'நகோமி'. எபிரேயத்தில் நடுவே தொண்டையிலிருந்து வரும் ஒலி ஒன்று உண்டு. ஒவ்வொரு மொழியும் அதைத் தனக்கு முடிந்த மாதிரி எழுதிக்கொண்டது.

ஜப்பானிய நவோமிக்கு இதோடு எந்த உறவும் கிடையாது. அங்கே பெயருக்கு ஒலி பாதி, எழுத்து பாதி. 'நவோ' என்ற ஒலியை நேர்மை என்று பொருள்படும் எழுத்தாலும், 'மி' என்பதை அழகு என்று பொருள்படும் எழுத்தாலும் எழுதுவது வழக்கம். வேறு எழுத்துகளிலும் எழுதலாம், அப்போது பொருளும் மாறிவிடும். இன்னொன்று கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அங்கே இது ஆண்பிள்ளைக்கும் உண்டு. 1978இல் நாய்கள் இழுக்கும் வண்டியில் தன்னந்தனியாக வட துருவத்தை அடைந்த நவோமி உவெமுரா ஓர் ஆண். அவர் பெயரின் 'மி' அழகைக் குறிக்காது, 'தான்' என்பதைக் குறிக்கும் எழுத்து அது.

இரண்டு பெயரும் ஒன்றுபோல ஒலிப்பதை ஜப்பானியர்களும் கவனிக்காமல் இல்லை. எழுத்தாளர் தானிசாகி 1924இல் எழுதத் தொடங்கிய ஒரு நாவலில், நாயகன் ஓர் இளம்பெண்ணிடம் மயங்குவதற்கு முதல் காரணமே அவள் பெயர் நவோமி என்பதுதான். ரோமன் எழுத்தில் எழுதிப் பார்த்தால் மேல்நாட்டுப் பெண்ணின் பெயர் மாதிரியே இருக்கிறதே என்று அவனுக்கு ஒரு கிறக்கம். உங்கள் மகன் இருக்கும் ஒசாகாவில் 1997இல் பிறந்தவர்தான் டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா. தாய் ஜப்பானியர், தந்தை ஹெய்ட்டி நாட்டவர். இரண்டு பக்கத்திலும் கூப்பிட வசதியான பெயர்.

இப்படி ஒத்துப்போவதில் அதிசயம் ஒன்றுமில்லை. பெயர்கள் சிறியவை. ந, ம, ர, க போன்ற ஒலிகள் பெரும்பாலான மொழிகளில் உண்டு. ஆயிரக்கணக்கான மொழிகள் இரண்டெழுத்து, மூன்றெழுத்தில் பெயர் வைத்துக்கொண்டே போனால் சில பெயர்கள் மோதத்தான் செய்யும். கொரியாவின் கிம் என்றால் பொன். கிப்ளிங் 1901இல் வெளியிட்ட நாவலின் கிம், கிம்பால் என்பதன் சுருக்கம்.

நேர்மாறாகவும் நடக்கும். நம் தாரா என்றால் விண்மீன். அயர்லாந்தில் பழைய மன்னர்களின் இருப்பிடமாக இருந்த தாரா குன்றின் பெயரும் கேட்க அப்படியே இருக்கிறது. அமெரிக்காவில் பல பெண்களுக்குத் தாரா என்ற பெயர் அந்தக் குன்றின் வழியாக வந்ததுதான். இரண்டுக்கும் உறவில்லை. ஆனால் உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் ஸ்டெல்லா இருக்கிறதே, அது காதுக்குத் தூரமாகப்பட்டாலும் நம் தாராவுக்கு ரத்த சொந்தம். இலத்தீனும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக்குடும்பத்தில் பிறந்தவை. விண்மீனுக்கான பழைய சொல் ஒன்றுதான், அங்கே ஸ்டெல்லா ஆயிற்று, இங்கே தாரா ஆயிற்று.

இனி உங்கள் தாத்தாவுக்கு வருவோம். சவரிமுத்து என்ற பெயரை நான் மிகவும் நேசிக்கிறேன். அது கடந்துவந்த தூரம் அப்படி.

ஸ்பெயினின் வடக்கில் நவார் என்ற பகுதி. அங்கே ஒரு கோட்டையில் 1506இல் பிறந்தவர் பிரான்சிஸ். கோட்டை இருந்த ஊரின் பெயரே அவருக்கும் பெயரானது. அந்தப் பக்கத்தின் பழைய மொழி பாஸ்கு. அதில் 'எச்சே' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புதியது. இரண்டும் சேர்ந்த எச்சேபெர்ரி, ஊர்ப்பெயராகி, முதலெழுத்து உதிர்ந்து, வாயில் புழங்கிப் புழங்கி 'ஷவியேர்' ஆனது. போர்த்துக்கீசியர் இன்றும் அப்படித்தான் உச்சரிக்கிறார்கள். அவர் 1542இல் கோவாவில் வந்து இறங்கி, அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கும் வந்து சேர்ந்தார். தமிழ் நாக்கில் ஷகரம் சகரமானது. சவேரியார் என்று மரியாதையாகவும், சவேரி, சவரி என்று வீட்டுப் பிள்ளையாகவும் ஆனார். கூடவே நம் முத்தும் ஒட்டிக்கொண்டது. உங்கள் தாத்தா பெயரின் முன்பாதிக்குப் பாஸ்கு மொழியில் 'புதுவீடு' என்று அர்த்தம்.

சபரி வேறு. சபரர் என்ற வனக்குடியைச் சேர்ந்த பெண் என்பது அந்தப் பெயரின் பொருள். ஆனால் தமிழில் அதையும் சவரி என்று எழுதியிருக்கிறார்கள். கம்பராமாயணத்து ஆரணிய காண்டத்தில் 'சவரி பிறப்பு நீங்கு படலம்' என்றே ஒரு படலம் இருக்கிறது. கோபத்தைக் கோவம் என்பதுபோல, பகரம் வகரமாவது நமக்குப் பழக்கம்தானே. உங்கள் தம்பி தடுமாறியதில் வியப்பில்லை. எழுத்தில் இரண்டும் ஒன்றேதான்.

பிறகு எப்படிப் பிரித்தறிவது? உங்கள் கடற்கரையில் சவரிமுத்து என்ற அதே பெயரைச் சவேரிமுத்து என்றும் எழுதுவார்கள், சவரியம்மாளைச் சவேரியம்மாள் என்றும் கூப்பிடுவார்கள். அந்த 'வே' நெடில் ஷவியேரிலிருந்துதான் வர முடியும், சபரியில் அதற்கு இடமே இல்லை. பெயர் வழங்கும் இடமும் சாட்சி சொல்கிறது. கோட்டாற்றில் டிசம்பர் 3 சவேரியார் திருநாளுக்குக் கூடும் கூட்டத்தில் எத்தனை சவரிமுத்துகள் இருப்பார்கள் என்று பாருங்கள்.

பெரியப்பா பெயர் இதைவிட எளிது. சந்தியாகு என்பது சாந்தியாகோ. புனிதர் என்ற 'சாந்து', யாக்கோபு என்பதன் பழைய ஸ்பானிய வடிவமான 'யாகோ', இரண்டும் ஒட்டிக்கொண்ட பெயர். இரவும் பகலும் கூடும் நேரமான சந்தியாவுக்கு அதில் பங்கில்லை. யாகப்பனுக்கும் யாகத்துக்கும்கூட அப்படித்தான், ஒரு தொடர்பும் கிடையாது. சந்தியாகு, யாகப்பன், ஜேம்ஸ், யாகூப் நால்வருக்கும் பெயர் ஒன்றே. தங்கச்சிமடத்துச் சந்தியாகப்பர் கோயில் திருவிழாவுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து நிற்பதை எண்ணிப் பார்த்தால், இந்தப் பெயருக்கு அது பொருத்தமான இடம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே தம்பியிடம் சொல்லுங்கள்: காதுக்கு ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு சொல்லக்கூடாது. அந்தப் பெயரை யார் கொண்டுவந்தார்கள், எப்போது, எந்த மொழி வழியாக என்று கேட்க வேண்டும். உங்கள் பங்குக் கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேடு இருந்தால் பங்குத்தந்தையிடம் அனுமதி வாங்கித் தாத்தாவின் பெயரைத் தேடிப் பாருங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பேத்திக்கு நவோமி அருமையான பெயர். இனிமை என்ற பொருளை நீங்கள் கொடுங்கள், நேர்மையும் அழகும் என்ற பொருளை மருமகள் கொடுக்கட்டும், இரண்டும் அவளுக்குச் சொந்தம். தமிழில் நவோமியா நகோமியா என்பதை இப்போதே பேசி முடிவெடுத்து, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஜப்பானிய எழுத்துகளைப் பெற்றோர் அரசு அனுமதித்த பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும். அங்கே பிறந்து 14 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதால், பிரசவத்துக்கு முன்பே எழுத்தை முடிவு செய்துவைக்கச் சொல்லுங்கள்.