அணைத்த பிறகு ஏறும் சூடு

ஸ்போர்ட்ஸ் கார் ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிக்கு,

புது கார் வாங்கியவர் முதல் வாரத்திலேயே வந்து கேட்பார்: "ஓட்டிட்டு வந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு. பின்பக்கம் இன்னும் சூடா இருக்கு. ஏதாவது கோளாறா?" கோளாறு இல்லை என்று சொல்வது எளிது. காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் நிம்மதியாக வீடு போவார்.

இன்ஜின் ஓடும்போது கூலன்ட் ஏறக்குறைய 90 முதல் 105 டிகிரி செல்சியஸில் இருக்கும். பம்ப் அதைச் சுற்றவிடும். எதிர்க்காற்று ரேடியேட்டரைத் தணிக்கும். அணைத்த நொடியில் இரண்டும் நின்றுவிடும். ஆனால் சிலிண்டர் ஹெட்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் கூலன்ட்டைவிட மிக அதிகச் சூட்டில் இருப்பவை. அந்தச் சூடு தேங்கி நிற்கும் கூலன்ட்டுக்குள் இறங்குகிறது. அதனால் முதல் பத்துப் பதினைந்து நிமிடங்கள் பானெட்டுக்குள் சூடு தணியாது, ஏறும். தொழிலில் இதற்கு 'ஹீட் சோக்' என்று பெயர். அணைத்த காரில் ஃபேன் சுற்றுவதும், டர்போவுக்கென்று வைத்த எலெக்ட்ரிக் பம்ப் ஓடுவதும் இதனால்தான். டர்போவுக்குள் வரும் புகையின் சூடு 900 டிகிரியைத் தாண்டக்கூடியது. ஓட்டம் நின்ற ஆயில் அங்கே கருகினால் பேரிங்கில் கரியாகப் படியும்.

சீட்டுக்குப் பின்னால் இன்ஜினை வைத்த கார்களில் இடம் இன்னும் நெருக்கடி. 1992-ல் வெளிவந்த மெக்லாரன் எஃப்1 காரில் இன்ஜின் அறையின் உட்புறத்தில் தங்கத் தகடு ஒட்டினார்கள். ஆடம்பரத்துக்கு அல்ல, வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்புவதில் தங்கம் கெட்டிக்காரன். 2010-ல் ஃபெராரி 458 இத்தாலியா கார்கள் சில தீப்பிடித்தன. பின்சக்கர வளைவில் வெப்பத் தடுப்பை ஒட்டியிருந்த பசை சூடேறியதே காரணம் என்று கண்டு, கார்களைத் திரும்ப அழைத்து, பசைக்குப் பதில் திருகாணி போன்ற பிடிப்புகளைப் பொருத்தினார்கள்.

எப்போதுதான் ஆறும்? 1701-ல் நியூட்டன் சொன்னது இங்கேயும் செல்லும்: சுற்றுப்புறத்தோடு வித்தியாசம் குறையக் குறைய ஆறும் வேகமும் குறையும். ஒரு கணக்குக்கு, வெளியே 35 டிகிரி, கூலன்ட் 95 டிகிரி என்று வைத்துக்கொள். இரண்டு மணி நேரத்தில் 65-க்கு இறங்கினால், அடுத்த இரண்டு மணி நேரத்தில் 50-க்குத்தான் வரும். ஆகவே இரண்டு மணி நேரம் கழித்துக் கையில் சூடு தெரிவது இயல்பு.

அமெரிக்காவின் புகைச் சோதனை விதியும் இதையே காட்டுகிறது. குளிர்ந்த இன்ஜின் என்று ஏற்க, காரை 12 முதல் 36 மணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். அதே சோதனையில் 10 நிமிடம் நிறுத்தி மறுபடி கிளப்பினால் அது சூடான இன்ஜின் கணக்கு.

'எவ்வளவு நேரம்' என்பதோடு 'எந்தப் பாகம்' என்றும் கேட்டுப் பழகு. காரை அணைத்ததும் அடியிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வரும். எக்ஸாஸ்ட் குழாய் ஆறிச் சுருங்கும் ஓசை அது. மெல்லிய தகடு சீக்கிரம் ஆறிவிடும். அந்தச் சத்தம் ஓய்ந்ததை நம்பி ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரிக்கு மேலும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், அந்த நொடியே ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸை முதலில் துணியால் பிடித்து அமுக்கிப் பார். விறைப்பாக இருந்தால் காத்திரு.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவதானால் இன்ஜின் முழுக்க ஆறட்டும். அலுமினிய ஹெட்டில் சூட்டோடு திருகினால் மரை பிய்ந்துவிடும். ஃபேன் பக்கம் கை போவதற்கு முன் அதன் கனெக்டரைக் கழற்று. இன்ஜின் அணைந்திருந்தாலும் அது தானாகச் சுற்றும்.

நாளை முதல் ஒரு பழக்கம் வைத்துக்கொள். வண்டி உள்ளே வந்ததும் ஜாப் கார்டின் மேல் மூலையில், இன்ஜின் அணைத்த மணியை எழுதிவிடு. மதியம் ஷிஃப்ட் மாறி வருகிறவன் பானெட்டைத் திறக்கும் முன் அதைப் பார்த்துக்கொள்வான்.

அன்புடன்,
உன் துறையில் உனக்கு மூத்தவன்