கியர் எண்ணெயை வீட்டிலேயே மாற்றலாமா?

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றைக் கடந்து வாழவந்திப் பக்கம் வரும் கார்களில் சிலவற்றிற்குக் கிளட்ச் மிதியே இல்லை. கியர் தானாக மாறுகிறது. அவற்றுள் பலவற்றில் அந்த வேலையைச் செய்வது ஓர் எண்ணெய்தான் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

1939-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 'ஹைட்ரமாட்டிக்' என்னும் தானியங்கிக் கியர் பெட்டியை அறிமுகம் செய்தது. இவ்வகைப் பெட்டியில் எண்ணெய் எஞ்சினின் சுழற்சியைக் கடத்துகிறது, தன் அழுத்தத்தால் கியரை மாற்றுகிறது, உராய்வைக் குறைக்கிறது, சூட்டையும் தணிக்கிறது. மலையேறும்போது எண்ணெய் மிகுதியாகச் சூடேறி, நாளடைவில் கெடுகிறது. புதிய எண்ணெய் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். கெட்டதோ கறுத்து, தீய்ந்த வாடை வீசும்.

இதை வீட்டில் மாற்ற விரும்பும் பெரியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தரையை. நம் மலையூர்களில் சரிவில்லாத வாசல் அரிது. கெட்டியான சமதரை இல்லையெனில் இவ்வேலையைத் தொடவே கூடாது. சமதரையிலும் கை பிரேக்கைப் போட்டு, கியரை 'பி'யில் வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கே, தாங்குவதற்கன்று. காரைத் தூக்கியபின், அதன் எடையைத் தாங்கும் இரும்புத் தாங்கிகளின் மேல் இறக்கிய பிறகே அடியில் செல்லலாம். கற்களை அடுக்கி வைப்பது உயிருக்கு ஆபத்து.

எஞ்சினை நிறுத்தி, எண்ணெய் வெதுவெதுப்பாகும் வரை ஆறவிட வேண்டும். கொதிக்கும் எண்ணெய் கையைப் பொசுக்கிவிடும். அடுத்து, நிரப்பும் மூடியையே முதலில் திறக்க வேண்டும். அது திறக்க மறுத்தால் வடிக்கும் மூடியைத் தொடலாகாது. வடித்துவிட்டு நிரப்ப முடியாமற்போனால் கார் நின்ற இடத்திலேயே நிற்கும்!

வடிந்ததை அளந்து, அதே அளவு புதியதை ஊற்ற வேண்டும். எண்ணெய் முழுவதும் வடியாது. ஒரு பகுதி 'டார்க் கன்வர்ட்டர்' என்னும் உறுப்பில் தங்கிவிடும். ஆகவே காலிப் பெட்டியின் அளவைப் பார்த்து ஊற்றினால் மிகுந்துவிடும். மிகுந்தால் நுரைக்கும், குறைந்தால் கியர் நழுவும். 'சி.வி.டி.', 'ஏ.எம்.டி.' வகைகளுக்கு எண்ணெய் வேறு. காரின் கையேடு சொல்வதையே வாங்க வேண்டும். அளவுக்குச்சி இல்லாத கார்களில், எஞ்சின் ஓடும்போது அடியிலுள்ள மூடியைத் திறந்தே அளவு பார்ப்பது வழக்கம். அவற்றைப் பணிமனைக்கு விடுவதே அறிவுடைமை.

பழைய எண்ணெயை என் செய்வது? காப்பிச் செடியின் அடியிலோ ஓடையிலோ கொட்டலாகாது. சேர்வராயன் மலையில் விழும் மழைநீர் நம்மோடு நிற்பதில்லை. இங்கு பிறக்கும் வாணியாறு கீழே பல வயல்களுக்குப் பாய்கிறது. மூடியுள்ள டப்பாவில் அடைத்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் பணிமனையில் ஒப்படைக்க வேண்டும்.

அன்புத் தோழியரே, நாம் காரின் அடியில் புக வேண்டாம். எட்டி நின்று வடிந்த அளவைக் குறித்துத் தரலாம். கட்டை வைத்தாயிற்றா என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்கலாம். அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்கக்கூடும். நம் ஊரின் பெயரிலேயே வாழ்வு இருக்கிறது, அதை மறவாதிருப்போம்.